காற்றில் ஆடும் ஸ்டீல் ஸ்கேலில் இருந்து மின்சாரம்: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

முதலிலேயே கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இங்கே சொல்லப்போகும் கருவியை ஒழுங்காகச் செய்து, நல்ல காற்றில் வைத்தால் கிடைப்பது ஏறக்குறைய 60 மைக்ரோவாட். 9 வாட் எல்ஈடி பல்பு ஒன்றை எரிக்க இதே மாதிரி ஒன்றரை லட்சம் கருவிகள் வேண்டும். வருடம் முழுக்க ஒரு நொடி விடாமல் காற்றடித்தாலும், சேரும் ஆற்றல் ஒரு சிஆர் 2032 பட்டன் பேட்டரியில் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவுதான்.

அப்படியென்றால் ஏன் செய்ய வேண்டும்? பேட்டரி மாற்ற ஆள் போக முடியாத, ஆனால் காற்று நிற்காமல் ஓடுகிற இடங்கள் இருக்கின்றன. பெரிய கட்டடங்களின் ஏசி குழாய்களின் உள்பகுதி ஒரு உதாரணம். அங்கே ஒரு வெப்பமானி நிமிடத்துக்கு ஒரு முறை அளவெடுத்து அனுப்ப இந்த 60 மைக்ரோவாட் போதும். இன்னொரு காரணம், காற்றோட்டம், அதிர்வு, மின்சுற்று மூன்றையும் ஒரே மேசையில் வைத்துக் கற்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை. மூன்றில் எது பொருந்தாவிட்டாலும் மீட்டரில் ஒன்றும் வராது. ஏன் வரவில்லை என்று தேடும்போதுதான் விஷயம் பிடிபடும்.

சில படிகங்களை அழுத்தினாலோ வளைத்தாலோ அவற்றின் பரப்பில் மின்னூட்டம் தோன்றும் என்பதை 1880-ல் பிரான்சில் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக்கும் கண்டுபிடித்தார்கள். அதுதான் பீசோ மின் விளைவு. இன்று நாம் வாங்கும் பீசோ வில்லை பித்தளைத் தட்டின் மேல் ஒட்டிய பீங்கான் பூச்சு. ஈயம், ஸிர்கோனியம், டைட்டானியம் கலந்தது. ஒரு பக்கம் வளைத்தால் மின்னழுத்தம் வரும், எதிர்ப்பக்கம் வளைத்தால் எதிர்க்குறியில் வரும். ஒரே பக்கம் வளைத்து அப்படியே பிடித்திருந்தால் சற்று நேரத்தில் ஒன்றுமில்லாமல் போய்விடும். ஆகவே சீராக வீசும் காற்றை முன்னும் பின்னும் ஆடும் அசைவாக மாற்றியாக வேண்டும். வேலையே அங்கேதான் இருக்கிறது.

எந்த ஆட்டம் வேண்டும்?

காற்று ஒரு பொருளை ஆட்டுவதற்குப் பல வழிகள் உண்டு. உருளைக் கம்பியின் பின்னால் சுழல்கள் இடம் வலமாக மாறி மாறிக் கழன்று போகும். அவை கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும். சுழல் கழலும் அதிர்வெண் காண, காற்றின் வேகத்தை கம்பியின் விட்டத்தால் வகுத்து 0.2-ஆல் பெருக்கினால் போதும். 4 செ.மீ. விட்டமுள்ள உருளையில் விநாடிக்கு 4 மீட்டர் காற்றடித்தால் 20 ஹெர்ட்ஸ். இந்த எண்ணும், கம்பியைத் தாங்கும் பட்டையின் இயல்பு அதிர்வெண்ணும் (சுண்டிவிட்டால் அது தானாக ஆடும் அதிர்வெண்) ஒன்றாக இருந்தால் ஒத்ததிர்வு வந்து நன்றாக ஆடும். சிக்கல் என்னவென்றால், காற்று சற்று கூடினாலோ குறைந்தாலோ பொருத்தம் போய், ஆட்டம் படுத்துவிடும். இணையத்தில் பலரும் உருளையில்தான் தொடங்குகிறார்கள். புதியவருக்கு அது சரியான தேர்வு இல்லை என்பது என் கருத்து.

கொடி படபடப்பது போன்ற ஆட்டம் இரண்டாவது வழி. 2001-ல் அமெரிக்காவில் நீரோட்டத்தில் நெளியும் ‘விலாங்கு’ ஒன்றை பீசோ பிளாஸ்டிக் தாளில் செய்து காட்டினார்கள். அழகான யோசனை. ஆனால் அந்தத் தாளின் விலை நம் வில்லையைப் போலப் பல மடங்கு.

நமக்கு வேண்டியது மூன்றாவது வழி. ஆங்கிலத்தில் இதைக் குதிரைப் பாய்ச்சலின் பெயரால் ‘கேலப்பிங்’ என்கிறார்கள். சதுரக் கட்டை ஒன்று காற்றுக்குக் குறுக்கே ஆடும்போது, அதன் சொந்த அசைவால் காற்று சற்றுச் சாய்வாக வந்து படுவது போல ஆகும். அந்தச் சாய்வில் கட்டையின் இரு பக்கங்களிலும் அழுத்தம் வேறுபடும். அந்த வேறுபாடு கட்டை எந்தத் திசையில் போகிறதோ அதே திசையில் அதைத் தள்ளும். ஊஞ்சல் போகிற பக்கமே பார்த்துத் தள்ளுவது மாதிரி. வேகம் ஒரு எல்லையைத் தாண்டினால் ஆட்டம் தானே பெருகும். காற்று இன்னும் கூடினாலும் நிற்காது, மேலும் பெரிதாகும். பனி உறைந்து வடிவம் மாறிய மின்கம்பிகள் குளிர்நாடுகளில் இப்படித்தான் எழும்பி எழும்பி ஆடும். டென் ஹார்டாக் என்ற பொறியாளர் 1932-ல் அதற்கான விளக்கத்தைத் தந்தார். உருளைக்கு எந்தப் பக்கமும் ஒன்றே என்பதால் இந்த ஆட்டம் வராது.

சிங்கப்பூர் நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சதுரம், செவ்வகம், முக்கோணம், அரைவட்டம் என்று பல வடிவங்களை ஒப்பிட்டு 2013-ல் வெளியிட்ட ஆய்வில் சதுரமே முந்தியது. விநாடிக்கு 2.5 மீட்டர் காற்றிலேயே ஆடத் தொடங்கி, அதிகபட்சம் 8.4 மில்லிவாட் தந்தது. அவர்கள் ஒட்டியது இதற்கென்றே செய்த பெரிய பீசோ தகடுகள். நம்முடையது ஒலி எழுப்பும் பஸ்ஸர்களில் இருக்கும் சாதா வில்லை என்பதை மறக்க வேண்டாம்.

வாங்க வேண்டியவை

30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல் ஒன்று, கிடைப்பதில் மெல்லியது. 27 மி.மீ. பீசோ வில்லைகள் நான்கைந்து. சென்னை ரிச்சி தெரு மாதிரியான எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் பஸ்ஸர் வில்லை என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஒயர் ஏற்கெனவே சால்டர் செய்ததாகப் பார்த்து வாங்குங்கள். சூடான சால்டரிங் முனையைப் பீங்கானின் மேல் இரண்டு விநாடிக்கு மேல் வைத்தால் அந்த இடத்தில் பீசோ தன்மை போய்விடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஈயம் கலந்தது என்பதால் வில்லையைத் தேய்ப்பதோ உடைப்பதோ வேண்டாம். உடைந்தால் துகளைத் துடைத்துவிட்டுக் கை கழுவுங்கள்.

அப்புறம் தெர்மாகோல், ஃபெவிகுயிக், 1என் 4148 டயோடு நான்கு, 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் மின்தேக்கி, 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 470 கிலோ ஓமில் இருந்து 4.7 மெகா ஓம் வரை சில மின்தடைகள், ஒரு சிவப்பு எல்ஈடி, ஒரு மல்டிமீட்டர், ஒரு டேபிள் ஃபேன். ஷாட்கி டயோடில் இழப்பு குறைவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நம் மின்னோட்டமே சில மைக்ரோஆம்பியர். பல ஷாட்கி டயோடுகளில் பின்னோக்கிக் கசிவதே அதைவிட அதிகம். சாதா 1என் 4148 இங்கே நல்லது.

செய்முறை

ஸ்கேலின் ஒரு முனையில் 4 செ.மீ. விட்டு, அதற்கு மேலே உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். வில்லையின் பித்தளைப் பக்கத்தில் ஒரு சொட்டு ஃபெவிகுயிக் விட்டு, பரப்பி, ஸ்கேலில் ஒட்டுங்கள். மேலே ஒரு துணி மடிப்பு வைத்து, அதன்மேல் கனமான புத்தகம் வைத்தால் சீராக அழுந்தும். விரல் நகத்தால் பீங்கானை அழுத்தினால் கீறல் விழும். இருபக்க டேப்பில் ஒட்டுவது ரொம்பச் சுலபம்தான், ஆனால் ஸ்கேல் வளைவதை அந்த மெத்தென்ற டேப் தின்றுவிடும், வில்லைக்கு எதுவும் போய்ச் சேராது. ஒட்டு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது.

வில்லை எங்கே இருக்க வேண்டும் என்பதில் பலர் தவறுகிறார்கள். ஸ்கேலின் நுனிதான் அதிகம் ஆடுகிறது என்று அங்கே ஒட்டுவார்கள். நுனி அசைகிறது, வளைவதில்லை. அதிகமாக வளைவது பிடிமானத்துக்கு ஒட்டிய இடம். வில்லையின் கீழ் விளிம்பு பிடிமானத்தில் இருந்து 2, 3 மி.மீ. தள்ளி இருந்தால் போதும்.

தெர்மாகோலில் 5 செ.மீ. சதுரமும் 20 செ.மீ. நீளமும் உள்ள கட்டை வெட்டுங்கள். ஓரங்கள் கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கினால் காற்று வழுக்கிக்கொண்டு போய்விடும், ஆட்டம் பிறக்காது. வெட்டியபின் சார்ட் பேப்பர் சுற்றி ஒட்டினால் ஓரம் மடிப்பாக நிற்கும். கட்டையின் அடிப்பக்கம் நடுவில் 5 செ.மீ. ஆழத்துக்குக் கீறி, ஸ்கேலின் மேல்முனையைச் செருகி ஒட்டிவிடுங்கள். ஸ்கேலின் தட்டையான முகமும் கட்டையின் ஒரு முகமும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும்.

இப்போது ஸ்கேலின் அடி 4 செ.மீ.யை வைஸில் இறுக்கி நேராக நிறுத்துங்கள். வைஸ் இல்லாவிட்டால் இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்து சி கிளாம்ப் போட்டு மேசையோடு இறுக்கலாம். நுனியை ஒரு சுண்டு சுண்டிவிட்டு, ஆட்டம் பாதியாகக் குறைவதற்குள் எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணுங்கள். பத்துக்குக் குறைவாக இருந்தால் பிடிமானம் தளர்வு. காற்று கொடுப்பதை எல்லாம் அதுவே விழுங்கிவிடும். இருபது வந்தால் பிரமாதம்.

அதே சுண்டலை மொபைலில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனில் பதிவு செய்யுங்கள். ஒரு முழு ஆட்டத்துக்கு 30 படம் பிடித்தால் இயல்பு அதிர்வெண் 8 ஹெர்ட்ஸ். 6-க்கும் 8-க்கும் இடையில் இருந்தால் சரி. 10-ஐத் தாண்டினால் டேபிள் ஃபேன் காற்றில் கிளம்புவது கடினம். ஸ்கேல் தடிமன் என்று அர்த்தம், மெல்லியது தேடுங்கள். கட்டையில் கனம் சேர்த்தும் குறைக்கலாம்.

காற்று வைப்பது

ஃபேனில் இருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்கேலின் தட்டை முகம் ஃபேனைப் பார்த்தால் அது பின்னால் சாய்ந்து நிற்கும், அவ்வளவுதான். ஸ்கேலின் மெல்லிய விளிம்பு ஃபேனைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் காற்று ஒரு திசையிலும் ஆட்டம் அதற்குக் குறுக்கிலும் இருக்கும்.

ஃபேன் காற்று முறுக்கிக்கொண்டு வருவது, அதில் சீரான ஆட்டம் வராது. அட்டைப்பெட்டி ஒன்றின் இரு பக்கமும் திறந்து, உள்ளே ஜூஸ் ஸ்ட்ராக்களை நெருக்கமாக அடுக்கி, ஃபேனுக்கும் கருவிக்கும் நடுவில் வைத்தால் முறுக்கு பெரும்பாலும் அடங்கிவிடும். காற்றுச்சுரங்கங்களில் தேனடை வலை வைப்பதும் இதற்காகத்தான். வேகம் சற்றுக் குறையும், பரவாயில்லை. ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டுச் சில விநாடிகள் பொறுங்கள். முதலில் லேசாக நடுங்கும், பிறகு ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகி, ஓர் அளவில் நிலைக்கும். தானாகக் கிளம்பாவிட்டால் விரலால் ஒரு தட்டு தட்டிவிடுங்கள். நுனி ஒரு பக்கம் இரண்டு செ.மீ.க்கு மேல் போக விடவேண்டாம், பீங்கானில் விரிசல் விழுந்துவிடும்.

அளப்பது

பெரும்பாலானோர் கோட்டைவிடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். வில்லை என்பது ஏறக்குறைய 20 நானோஃபாரட் மின்தேக்கி. 8 ஹெர்ட்ஸில் அதன் உள்தடை ஒரு மெகா ஓம். இவ்வளவு உயர்ந்த உள்தடை உள்ள ஒன்றை அளக்க வரும் மீட்டரே அதற்குச் சுமையாகிவிடும்.

நான்கு டயோடுகளைப் பிரிட்ஜாக (எந்தக் குறியில் வந்தாலும் ஒரே திசை மின்னோட்டமாக மாற்றும் இணைப்பாக) கட்டி, வெளியில் 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் மின்தேக்கி வைத்து, டிசி வோல்ட்டாக அளக்க வேண்டும். நேரடியாக ஏசி வரம்பில் அளக்க வேண்டாம். மலிவான மீட்டர்கள் 50 ஹெர்ட்ஸை மனதில் வைத்துச் செய்தவை, 8 ஹெர்ட்ஸில் என்ன காட்டும் என்று நம்ப முடியாது. வில்லை உண்மையில் 20 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 மெகா ஓம் உள்தடை உள்ள நல்ல மீட்டர் 17 வோல்ட் காட்டும். கடைகளில் கிடைக்கும் மஞ்சள் நிற மலிவு மீட்டர்களில் உள்தடை பெரும்பாலும் 1 மெகா ஓம்தான். அது 8 வோல்ட்கூடக் காட்டாது. வில்லை பழுது என்று தூக்கிப்போட வேண்டாம், முதலில் மீட்டரின் உள்தடையைப் பாருங்கள்.

அடுத்து மின்தடைகளை ஒவ்வொன்றாக வெளியில் இணைத்து, வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி மின்தடையால் வகுத்தால் திறன் கிடைக்கும். மீட்டரின் உள்தடையும் பக்க இணைப்பில் சேர்வதைக் கணக்கில் எடுங்கள். ஏறக்குறைய 1.5 மெகா ஓமில் உச்சம் வரும், அப்போது வோல்ட் சுமையில்லாத (மின்தடை எதுவும் இணைக்காத) அளவின் பாதியாக இருக்கும். கணக்குப்படி உச்சத் திறன் என்பது அதிர்வெண், வில்லையின் மின்தேக்குத் திறன், சுமையில்லா வோல்ட்டின் இருமடி மூன்றையும் பெருக்கினால் வருவது. 8, 20 நானோ, 400 என்று பெருக்கினால் 64 மைக்ரோவாட். டயோடு இழப்பு போகக் கொஞ்சம் குறையும். கட்டையின் மேல் விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் மோதும் காற்றில் இருப்பது 380 மில்லிவாட்டுக்கு மேல். அதில் ஆறாயிரத்தில் ஒரு பங்குதான் நமக்கு.

வரும் வோல்ட் காற்றால்தான் வருகிறதா என்று இரண்டு சோதனை செய்துவிடுங்கள். ஃபேனுக்கும் கருவிக்கும் நடுவில் ஒரு பெரிய அட்டையைப் பிடியுங்கள். அப்போதும் வோல்ட் இருந்தால் ஃபேனின் நடுக்கம் மேசை வழியாக வருகிறது. ஃபேனை வேறு மேசைக்கு மாற்றுங்கள். ஃபேனை நிறுத்தி, ஸ்கேலை அசையாமல் பிடித்தும் ஏதாவது காட்டினால், பக்கத்தில் ஓடும் வீட்டு ஒயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஒயர்களில் தொற்றுகிறது. ஒயர்களைக் குட்டையாக்கி, ஒன்றோடு ஒன்று முறுக்கிவிட்டால் அடங்கும். இந்த இரண்டு சோதனையும் இல்லாமல் அறிக்கையில் எழுதும் எண்களுக்கு மதிப்பில்லை.

சேமிப்பது

1 மைக்ரோஃபாரட்டின் இடத்தில் 100 மைக்ரோஃபாரட் வையுங்கள். அதை 5 வோல்ட்டுக்கு ஏற்ற 1.25 மில்லிஜூல் வேண்டும். 60 மைக்ரோவாட் முழுதும் போனால் இருபது விநாடி. ஆனால் வோல்ட் குறைவாக இருக்கும் தொடக்கத்தில் திறனும் குறைவு, ஆகவே இன்னும் அதிகமாகவே எடுக்கும். பழைய எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியானால் கசிவே நம் வரவுக்குச் சமமாகி, பாதியிலேயே நின்றுவிடும். புதியதாக, கசிவு குறைந்ததாக வாங்குங்கள். மீட்டரையும் தொடர்ந்து இணைத்து வைக்காமல், அவ்வப்போது தொட்டுப் பாருங்கள்.

5 வோல்ட் வந்ததும் 1 கிலோ ஓம் மின்தடையோடு எல்ஈடியை ஒரு சுவிட்ச் வழியாக இணைத்தால் பளிச்சென்று ஒரு மின்னல் வரும். முதல் நாளுக்கு அது போதும். உருப்படியாக ஒரு சென்சாரை ஓட்ட வேண்டுமானால் எல்டிசி 3588 என்ற சிப் இதற்கென்றே செய்தது, சின்ன போர்டாகவே கிடைக்கிறது. பிரிட்ஜ் உள்ளேயே இருக்கிறது; உள்ளே ஓரளவு வோல்ட் சேரும்வரை வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு 1.8, 2.5, 3.3, 3.6 வோல்ட்டில் நாம் தேர்ந்ததைத் தரும். சும்மா இருக்கும்போது அது குடிப்பது ஒரு மைக்ரோஆம்பியருக்கும் குறைவு. வில்லையை நேரடியாக ஆர்டுயினோ என்ற கட்டுப்பாட்டு போர்டின் பின்னில் மட்டும் இணைக்காதீர்கள். மின்னோட்டம் அற்பம் என்றாலும் 20 வோல்ட் அந்தப் பின்னுக்கு ஆகாது.

இன்னும் வேண்டுமானால்

ஸ்கேலின் மறுபக்கத்திலும் அதே உயரத்தில் ஒரு வில்லை ஒட்டலாம். ஒரு பக்கம் இழுபடும்போது மறுபக்கம் அழுந்துவதால் இரண்டின் குறியும் எதிரெதிர். பித்தளைப் பக்கங்கள் இரண்டும் ஸ்கேலோடு தொட்டுக்கொண்டிருப்பதால், வெள்ளிப் பக்க (பீங்கானின் மேல் பூச்சு) ஒயர்கள் இரண்டையும் மட்டும் பிரிட்ஜுக்குக் கொண்டுபோனால் வோல்ட்டுகள் கூடும். தெரியாமல் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப்போட்டு ஸ்கேலை மறு ஒயராக எடுத்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். கல்லூரிக் கண்காட்சிகளில் வரும் ‘மிதித்தால் மின்சாரம்’ பலகைகள் பலவற்றில் நடப்பதும் இதைப் போன்றதுதான். பத்திருபது வில்லைகளை ஒரே ஒயரில் கட்டியிருப்பார்கள்; கால் படாத வில்லைகள் கால் பட்ட வில்லையின் மின்னூட்டத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். தனித்தனியாக அசையும் ஒவ்வொரு வில்லைக்கும் தனித்தனிப் பிரிட்ஜ் வேண்டும்.

தண்ணீரில் வைக்கலாமா என்று கேட்பார்கள். நீர் காற்றைவிட 800 மடங்கு அடர்த்தி, வாய்க்காலில் விநாடிக்கு ஒரு மீட்டர் ஓடினாலே சதுர மீட்டருக்கு 500 வாட். ஆசை வருவது நியாயம்தான். ஆனால் ஆட்டத்தோடு சேர்ந்து நீரும் நகர வேண்டியிருப்பதால் அதிர்வெண் ஓரிரு ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். வில்லையின் உள்தடை நான்கில் இருந்து எட்டு மெகா ஓம் வரை ஏறும், ஒயர் உறையில் ஈரம் பட்டால் அந்த வழியாகவே எல்லாம் கசிந்து போகும். காற்றில் உச்சத் திறனை ஒரு முறை வரைபடமாகப் போட்டுப் பார்த்தபின் தண்ணீருக்குப் போங்கள். போகும்போது வில்லை தண்ணீருக்கு வெளியே இருக்கும்படி ஸ்கேலை மேலிருந்து தலைகீழாகத் தொங்கவிட்டு, கட்டையை மட்டும் முக்குங்கள். தெர்மாகோல் மிதந்து மேலே தள்ளும் என்பதால் மரக்கட்டையை நன்றாக வார்னிஷ் அடித்துப் பயன்படுத்தலாம்.